"கிடைக்காது" என்பதில் நான்கு வகை: பழைய ஜாவா, யெஸ்டி வண்டிகளின் உதிரி பாகங்கள்



நம்மில் பலருடைய கடை வாசலிலோ, கிடங்கின் மூலையிலோ ஒரு பழைய ஜாவா அல்லது யெஸ்டி மோட்டார் சைக்கிள் நிற்கும். தகப்பனார் காலத்தில் வாங்கியது. மண்டிக்குப் போய்ப் பருப்பு மூட்டை கட்டி வந்ததும், வசூலுக்கு ஊர் ஊராகச் சுற்றியதும் அந்த வண்டிதான். ஒரு நாள் அது நின்றுவிடும். மெக்கானிக் பிரித்துப் பார்த்து, தேய்ந்த சாமானைக் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, இது இப்போ கிடைக்காது" என்பார். அதோடு வண்டிக்குச் சாக்குப் போர்த்தி ஓரம் கட்டிவிடுவோம். சில வருடம் கழித்துப் பழைய இரும்புக்காரர் கிலோ விலை பேசி எடுத்துக்கொண்டு போவார்.

வியாபாரிகளான நமக்கு "கிடைக்காது" என்ற சொல் புதிதல்ல. நம் கடையில் இல்லாத சரக்கு மொத்தக் கடையில் இருக்கலாம். கேட்ட மார்க் வராவிட்டாலும் அதே தரத்தில் வேறு மார்க் இருக்கலாம். யாரிடமும் இல்லாவிட்டால் சொல்லித் தயார் செய்யலாம். சில சரக்கை, அது கிடைத்தாலும், விற்கக் கூடாது. உதிரி பாகத்துக்கும் இதே நான்கு வகைதான். எந்த வகை என்று தெரிந்துகொள்ளாமல் வண்டியை இரும்புக்குப் போடுவது நஷ்டம். எந்த வகை என்று பாராமல் எதையாவது மாட்டி ஓட்டுவது உயிருக்கு ஆபத்து. இந்தப் பாகுபாட்டைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஏன் கிடைப்பதில்லை?

மைசூரில் 1960இல் ஐடியல் ஜாவா கம்பெனி துவங்கப்பட்டது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா கம்பெனியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு, 1961 முதல் 250 சி.சி. ஜாவா வண்டிகளை உருவாக்கினார்கள். பிற்பாடு 1970களில் அதே வண்டி யெஸ்டி என்ற பெயரில் வந்தது. ரோட்கிங் போன்ற மாடல்கள் பிரபலமாயின. 1996இல் தொழிற்சாலை மூடப்பட்டது. அன்றோடு கம்பெனி உதிரி பாகமும் நின்றது. அதன்பிறகு கடைகளில் கைவசம் இருந்த இருப்புதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வந்திருக்கிறது.

புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு. 1955இல் சென்னையில் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த வண்டியைத் துவங்கியது. இங்கிலாந்தில் 1970இல் ராயல் என்ஃபீல்டு உற்பத்தி நின்ற பிறகும் சென்னையில் நிற்கவில்லை. இங்கிலாந்துக்காரரே தம் பழைய புல்லட்டுக்குச் சென்னைச் சாமானை வாங்கும் நிலை வந்தது. ஜாவாவுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். ஜாவா என்ற பெயர் 2018இலும் யெஸ்டி என்ற பெயர் 2022இலும் இந்தியச் சந்தைக்குத் திரும்பி வந்தன. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக், தண்ணீரால் குளிரும் என்ஜின் கொண்ட புது வண்டிகள். பழைய இரண்டு ஸ்ட்ரோக் என்ஜினின் சாமானுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் கிடையாது. கடையில் "ஜாவாவுக்கு" என்று மட்டும் கேட்காமல், எந்த வருடம், எந்த மாடல் என்று சேர்த்துக் கேட்க வேண்டும்.

பழைய சாமானே ஆவணம்

முதல் விதி: புதுச் சாமான் மாட்டி, வண்டி ஓடி, திருப்தி ஆகும்வரை பழையதைத் தூக்கி எறியக் கூடாது. உடைந்திருந்தாலும் துண்டுகளைச் சேர்த்து ஒரு பையில் போட்டு, எந்தப் பக்கத்துச் சாமான், எந்தத் தேதியில் கழற்றியது என்று எழுதிக் கட்டி வைக்க வேண்டும். கம்பெனி இல்லாத வண்டிக்கு அதுதான் வரைபடம்.

இரண்டாவது விதி: அளக்கும்போது தேய்ந்த இடத்தை அளக்கக் கூடாது. ஒரு ஷாஃப்டில் புஷ் உரசிய இடம் தேய்ந்திருக்கும். அதை ஒட்டி உரசாத பகுதி தேயாமல் இருக்கும். தேயாத இடத்தின் அளவே அசல் அளவு. தேய்ந்த இடத்தை அளந்து புதுசு செய்தால், தேய்மானத்தையும் சேர்த்துப் புதிதாகச் செய்த கதையாகிவிடும். சாதாரண வெர்னியர் காலிப்பர் 0.02 மி.மீ. வரை காட்டும், மைக்ரோமீட்டர் 0.01 மி.மீ. வரை காட்டும். எடைத்தட்டில் கிராம் கணக்குப் பார்க்கும் நமக்கு இந்த நுணுக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வகை: அளவைச் சொன்னால் கிடைப்பவை

வண்டிக் கம்பெனி எல்லாச் சாமானையும் தானே செய்வதில்லை. பேரிங், ஆயில் சீல், செயின், ஸ்பார்க் பிளக், சர்க்லிப், எஃகுக் குண்டு ஆகியவை உலகம் முழுவதும் ஒரே அளவு வரிசையில் வருபவை. இவற்றை வண்டியின் பெயரைச் சொல்லிக் கேட்டால் "கிடைக்காது" என்பார்கள். அளவைச் சொல்லிக் கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.

பேரிங்கின் ஓரத்தில் எண் பொறித்திருக்கும். 6204 என்றால் உள்விட்டம் 20 மி.மீ., வெளிவிட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ. கடைசி இரண்டு எண் 04 முதல் மேலே இருந்தால், அதை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் வந்துவிடும். 6205 என்றால் 25 மி.மீ. இந்தப் பேரிங் டிராக்டரிலும் இருக்கும், தண்ணீர் மோட்டாரிலும் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் சி3 என்று போட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உள்ளே இடைவெளி சற்றுக் கூடுதலாக உள்ள பேரிங் என்று அதற்குப் பொருள். சூடேறும் கிராங்க் ஷாஃப்டில் அதை விட்டுவிட்டுச் சாதாரணப் பேரிங் போட்டால் இறுகிக்கொள்ளும். பேரிங்கில் போலிச் சரக்கு நிறைய உண்டு. ஆகவே அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில் போட்டு வாங்குவது நல்லது.

ஆயில் சீலுக்கும் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் என்று மூன்று எண்கள். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு கிராங்க் ஷாஃப்டின் ஆயில் சீல் உயிர்நாடி. ஒரு பக்கம் பழுதானால் கியர் ஆயில் குறையும், வெள்ளைப் புகை வரும். இன்னொரு பக்கம் பழுதானால் வெளிக்காற்று உள்ளே புகும். பெட்ரோல் கலவை மெலிந்து என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகும். கடைசியில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஓடும் வண்டியில் பிஸ்டன் பிடித்தால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். பின்னால் சுமையும் கட்டியிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. விலை மலிவான சாமான் என்று சீலை அலட்சியம் செய்யக் கூடாது.

ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது பங்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் பரவலாகக் கிடைக்கிறது. அந்தக் கால ரப்பர் குழாயும் வாஷரும் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பும், அல்லது வெடித்துவிடும். எத்தனாலைத் தாங்கும் குழாய் என்று கேட்டு வாங்க வேண்டும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால், மாதக்கணக்கில் ஓட்டாத வண்டியின் டேங்கில் பெட்ரோலை விட்டு வைத்தால் உள்ளே துரு ஏறும்.

இரண்டாவது வகை: இருப்பதையே சரி செய்வது

சிலிண்டர், கிராங்க் ஷாஃப்ட், திருகு மரை தேய்ந்த துவாரம் ஆகியவை இவ்வகை. புதுசு தேடி அலைவதை விட, இருப்பதைப் பழைய அளவுக்குக் கொண்டுவரலாம்.

சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் செய்து, பெரிய பிஸ்டன் போடுவது எல்லோருக்கும் தெரியும். ஜாவாவின் அசல் பிஸ்டன் விட்டம் 65 மி.மீ., ஸ்ட்ரோக் 75 மி.மீ. இதற்கு மேல் கால் மில்லிமீட்டர் படியாக ஓவர்சைஸ் பிஸ்டன் வரும். இங்கே மறக்கக் கூடாத விதி ஒன்று: முதலில் பிஸ்டனை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும், பிறகுதான் அதை அளந்து சிலிண்டரைக் கடைய வேண்டும். சிலிண்டரைக் கடைந்துவிட்டுப் பிஸ்டன் தேடக் கிளம்புகிறவர், சரக்கு வரும் முன்பே முன்பணம் வாங்கிவிட்ட வியாபாரியைப் போல மாட்டிக்கொள்வார்.

ஓவர்சைஸும் முடிந்துவிட்டால் ஸ்லீவ் போடலாம். அதாவது, சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்து உள்ளே புது வார்ப்பிரும்புக் குழாயை இறுக்கி, மறுபடி 65 மி.மீ.க்குக் கொண்டுவருவது. நான்கு ஸ்ட்ரோக் வண்டிக்கு இது எளிது. இரண்டு ஸ்ட்ரோக்கில் சிலிண்டர் சுவரிலேயே காற்றும் புகையும் போகும் வாசல்கள் உண்டு. ஸ்லீவில் அந்த வாசல்களை அதே இடத்தில், அதே அளவில் வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பை மழுக்கி விடாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். இரண்டு ஸ்ட்ரோக் வேலையில் பழகிய பட்டறைக்கே இதைக் கொடுக்க வேண்டும்.

வேறு வண்டியின் பிஸ்டன் "செட் ஆகும்" என்று சொல்வார்கள். ஆகலாம். ஆனால் விட்டம் மட்டும் ஒத்துப்போனால் போதாது. பின் விட்டம், பின் நடுவிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம், கீழ்ப்பாவாடையின் நீளம், ரிங் திரும்பாமல் இருக்க அடித்த சின்ன முளையின் இடம் ஆகிய நான்கையும் ஒப்பிட வேண்டும். உயரம் கூடினால் தலை இடிக்கும். பாவாடை குறைந்தால் வாசல் மூட வேண்டிய நேரத்தில் மூடாது. முளை வாசலுக்கு நேரே வந்தால் ரிங் நுனி வாசலில் சிக்கும்.

மரை தேய்ந்த துவாரத்துக்கு, துவாரத்தைச் சற்றுப் பெரிதாக்கி எஃகுச் சுருளால் ஆன புது மரையைப் பொருத்தும் முறை இருக்கிறது. அலுமினிய உறையில் இது அசலை விட உறுதியாகவே நிற்கும். திருகு வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். ஜாவாவில் மில்லிமீட்டர் மரை. பழைய புல்லட் போன்ற ஆங்கிலேய வண்டிகளில் அங்குல மரை. கால் அங்குல பி.எஸ்.எஃப். திருகுக்கு அங்குலத்துக்கு 26 மரை, 6 மி.மீ. திருகுக்கு ஒரு மி.மீ.க்கு ஒரு மரை. இரண்டின் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றே. ஆகவே 6 மி.மீ. திருகு கால் அங்குலத் துவாரத்தில் உள்ளே போய்விடும். பிடிப்பு மட்டும் இருக்காது. இறுக்கும்போது மரையையும் அறுத்துவிடும். "போகிறதே" என்று முடிவு செய்யாமல் மரை கேஜ் வைத்துப் பார்ப்பது நல்லது.

மூன்றாவது வகை: புதிதாகச் செய்ய வேண்டியவை

புஷ், ஸ்பேசர், கிக்கர் ஷாஃப்ட், சில பல்சக்கரங்கள், ரப்பர் கிராமட் ஆகியவை எங்கும் கிடைக்காவிட்டால், செய்துதான் ஆக வேண்டும். கோயம்புத்தூர் போன்ற ஊர்களில் வார்ப்பு முதல் பல் வெட்டுவது வரை எல்லாப் பட்டறையும் உண்டு. மற்ற ஊர்களிலும் நல்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லை.

இங்கே உருவத்தை விட உலோகம் முக்கியம். புஷ்ஷுக்கு கன்மெட்டல் அல்லது பாஸ்பர் பிரான்ஸ் போட வேண்டும். பித்தளைத் துண்டைக் கடைந்து கொடுத்தால் பார்க்க ஒன்று போலவே இருக்கும், சீக்கிரம் தேய்ந்துவிடும். பல்சக்கரத்துக்கு இ.என். 36 போன்ற எஃகில் வெட்டி, மேற்பரப்பை மட்டும் கடினமாக்கும் வெப்பப் பக்குவம் செய்ய வேண்டும். மேலே கடினம் இருந்தால்தான் தேயாது. உள்ளே சற்று மிருது இருந்தால்தான் அடி விழும்போது உடையாது. சாதாரண எம்.எஸ். இரும்பில் வெட்டிய பல்சக்கரம் ஒரு மூட்டைச் சுமைக்கே பல் மழுங்கிப் போகும். அந்த இரும்புத் தூள் ஆயிலில் கலந்து, நன்றாக இருந்த மற்றச் சக்கரங்களையும் கெடுத்துவிடும். பட்டறையில் ஆர்டர் கொடுக்கும்போது உலோகத்தின் பெயரையும் வெப்பப் பக்குவத்தையும் சீட்டில் எழுதி வாங்க வேண்டும்.

செலவுக் கணக்கு நமக்குக் கைவந்த கலை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்ற பழமொழி இதற்கென்றே சொன்னது போலிருக்கும். ஒரு சாமான் செய்ய, அளவெடுத்து வரைந்து மிஷினை அமைக்கும் கூலி ரூ.1,500, ஒவ்வொன்றுக்கும் உலோகமும் வேலையும் ரூ.200 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஒன்று மட்டும் செய்தால் ரூ.1,700. பத்துச் செய்தால் மொத்தம் ரூ.3,500, ஒன்றுக்கு ரூ.350தான். உப்பையும் புளியையும் சேர்ந்து கொள்முதல் செய்யும் நமக்கு இதைச் சேர்ந்து செய்வது பெரிய காரியமா? ஒரே மாடல் வைத்திருக்கும் பத்துப் பேரைச் சங்கத்துக் கூட்டத்திலேயே கண்டுபிடிக்கலாம். பல ஊர்களில் ஜாவா, யெஸ்டி வைத்திருப்போர் சேர்ந்து குழுக்கள் நடத்துகிறார்கள், அவர்களோடும் சேர்ந்துகொள்ளலாம். ஒரு நிபந்தனை மட்டும்: முதலில் ஒன்றைச் செய்து, மாட்டி, சில நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்த பிறகே மீதி ஒன்பதுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். மாதிரி பார்க்காமல் மொத்தச் சரக்கு எடுப்போர் நம்மில் யாரும் இல்லை.

நான்காவது வகை: ஒப்பேற்றக் கூடாதவை

இனி சொல்வதைக் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். சக்கரத்தின் அச்சு, முன் ஃபோர்க், ஹேண்டில் பார், பிரேக் ராடு, பிரேக் லிவர், ஸ்போக்ஸ் ஆகியவற்றில் "தற்காலிகமாக" எதுவும் செய்யக் கூடாது. என்ஜினில் போட்ட சாமான் தோற்றால் வண்டி பெரும்பாலும் வழியில் நிற்கும். இவற்றில் ஒன்று தோற்றால் ஆள் விழுவார். நம் வண்டிகள் ஒருவரை மட்டும் சுமப்பவை அல்ல. அரிசி மூட்டையும் எண்ணெய் டின்னும் சுமப்பவை. வண்டி தயாரித்தவர்கள் நினைத்துப் பார்க்காத பாரத்தை நாம் ஏற்றுகிறோம் என்பதை மறக்கக் கூடாது.

ஃபோர்க் குழாய் தேய்ந்திருந்தால் ஹார்டு குரோம் பூசி, கிரைண்டிங் செய்து அசல் அளவுக்குக் கொண்டுவரலாம். ஆனால் வளைந்ததைச் சூடாக்கி நிமிர்த்துவது, விரிசல் விட்டதை வெல்டிங் வைப்பது ஆகியவை கூடவே கூடாது. அச்சுக்குப் பதில் கடைக் கம்பியில் மரை போட்டு மாட்டுவதும் அப்படியே. இத்தகைய சாமானுக்கு, நல்ல நிலையில் உள்ள அசல் பழையதைத் தேட வேண்டும். சென்னையில் புதுப்பேட்டை, பெங்களூரில் ஜே.சி. ரோடு, டில்லியில் கரோல்பாக் போன்ற சந்தைகளில் பொறுமையாகத் தேடினால் அகப்படும். அகப்பட்டதையும் அப்படியே மாட்டாமல், சிவப்புச் சாயம் தடவி விரிசல் பார்க்கும் சோதனையைப் பட்டறையில் செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கீறலும் சாயத்தில் தெரியும். நம்பிக்கையான சாமான் கிடைக்காவிட்டால் வண்டியை நிறுத்தி வைப்பதே சரி.

பிரேக் ஷூவுக்குப் புது லைனிங் ஒட்டித் தரும் நல்ல கடைகள் உண்டு. அது ஒப்பேற்றல் ஆகாது. ஆனால் பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியவுடன் வாயால் ஊதுவதும் காற்றடித்துத் துப்புரவு செய்வதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்க வேண்டும். நம் கடைப் பையனாக இருந்தாலும், மெக்கானிக்கிடம் வேலை கற்கும் பையனாக இருந்தாலும் இதைச் சொல்லித்தருவது நம் கடமை.

காகிதமும் முக்கியம்

என்ஜின் உறையிலும் சேஸிலும் உள்ள எண்கள் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்திருக்க வேண்டும். உறை உடைந்தது என்று வேறு வண்டியின் உறையை மாட்டினால், நம் வண்டி காகிதத்தில் வேறு வண்டியாகிவிடும். 1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு, அனுமதி பெற்ற பிறகே இந்த வேலையில் இறங்க வேண்டும். கூடியவரை பழைய உறையையே ஆர்கன் வெல்டிங்கில் சரி செய்துகொள்வது மேல்.

மத்திய அரசு 2021இல் பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. 50 வருடத்துக்கு மேற்பட்ட, அசல் உருவம் மாறாத வண்டிகளை வி.ஏ. என்ற எழுத்துடன் தனி வரிசையில் பதிவு செய்யலாம். ஆனால் அப்படிப் பதிவு செய்த வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டக் கூடாது. வியாபாரத்துக்கும் பயன்படுத்தக் கூடாது. கடை வேலைக்கு ஓடும் வண்டியைப் பெருமைக்காக அந்த வரிசையில் சேர்த்துவிட்டு, பிறகு சரக்கு கட்டி மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இருப்பு வைத்திருப்போருக்கு

உதிரி பாகக் கடை நடத்தும் நண்பர்களும் நம் சங்கத்தில் உண்டு. வருடக்கணக்கில் அசையாத ஜாவா சாமானை முடங்கிய சரக்கு என்று எடைக்குப் போட்டுவிடாதீர்கள். பெட்டிகளைத் திறந்து, மாடல் வாரியாகப் பிரித்து, ஒரு பட்டியல் போட்டு வையுங்கள். பிஸ்டன், ரிங், பல்சக்கரம் போன்ற உலோகச் சாமான் எண்ணெய் தடவி வைத்திருந்தால் எத்தனை வருடமானாலும் கெடாது. அதைத் தேடி அலைகிறவர் எங்கோ ஓர் ஊரில் இருக்கிறார். ஆனால் பழைய ஆயில் சீல், ரப்பர், டயர், டியூப் ஆகியவற்றை "கம்பெனி பெட்டி" என்று சொல்லி விற்காதீர்கள். பெட்டி புதிதாக இருந்தாலும் ரப்பருக்கு வயதாகிவிட்டது. வாங்குவோரும் இதைக் கவனிக்க வேண்டும்.

முடிவாக, ஒரு வியாபாரியின் கணக்கு. தினமும் பத்து இடம் டெலிவரிக்குப் போக வேண்டும் என்றால், அதற்குப் புது வண்டி வாங்குவதே லாபம். பழைய வண்டி ஒரு நாள் நின்றால் அன்றைய வியாபாரமும் நிற்கும். ஆனால் அதற்காக அந்தப் பழைய வண்டியை இரும்புக்குப் போட வேண்டியதில்லை. சுமையை இறக்கிவிட்டு, ஓய்வு நேரத்தில் ஒவ்வொரு சாமானாகச் சரி செய்து, நிதானமாக ஓட்டலாம். இனி மெக்கானிக் "கிடைக்காது" என்று சொல்லும்போது, பழைய சாமானை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, "நான்கில் இது எந்த வகை?" என்று கேளுங்கள். மூன்று வகைக்கு வழி இருக்கிறது. நான்காவது வகை என்றால், நல்ல சாமான் அகப்படும்வரை சாவியைக் கல்லாவில் வைத்துப் பூட்டுங்கள்.